ஊரைப் படம் பிடிப்பவர்

வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. பாடநூல்கள் நம்மை அவ்வாறு பழக்கியிருக்கின்றன. ஆனால் ஓர் ஊரின் வரலாறு போர்க்களத்தில் மட்டும் நிகழ்வதன்று. மணப்பந்தலிலும், பள்ளி முற்றத்திலும், வயல் வரப்பிலும், தேரோடும் வீதியிலும் அது நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. அவ்வாறு நிகழ்வதை உடனிருந்து கண்டு, பதிவு செய்து வைக்கும் ஒருவர் ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். அவரை நாம் வரலாற்றாசிரியர் என்று அழைப்பதில்லை. போட்டோக்காரர் என்றே அழைக்கிறோம். மாணவ நண்பர்களே, அவரைப் பற்றியும், அவருக்கு நாம் செய்ய வேண்டிய ஒரு சிறு கடமையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பத்திரிகை அலுவலகத்திலோ, திரைப்பட நிறுவனத்திலோ மாதச் சம்பளம் பெறுபவரை நான் குறிப்பிடவில்லை. சொந்தமாக ஒரு காமிரா, கடன் வாங்கிச் சேர்த்த சில கருவிகள், ஒரு கணிப்பொறி, ஓர் இருசக்கர வண்டி ஆகியவற்றைக் கொண்டு, அழைத்தவர் வீட்டுக்குச் சென்று, அழைத்த பணியை முடித்துத் தருகிறாரே, அத்தகைய தனிப்பட்ட தொழிலாளரைத்தான் குறிப்பிடுகிறேன். கும்பகோணத்தில் அப்படிப்பட்ட ஒருவரை நான் நன்கு அறிவேன். என்னிடம் பள்ளியில் பயின்றவர். இப்பொழுது நாற்பது வயதைக் கடந்தவர். புகைப்படமும் எடுப்பார், விடியோவும் எடுப்பார். ஒருநாள் அவருடைய பணிக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தை, மாசி ஆகிய இரண்டு மாதங்களின் பக்கங்களைப் படித்தேன். ஒரு நல்ல நூலைப் படித்த நிறைவு உண்டாயிற்று.

முகூர்த்த நாள்களில் திருமணம், அது எதிர்பார்த்ததே. ஆனால் அத்துடன் குறிப்பேடு முடியவில்லை. திருக்கடையூரில் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். சுவாமிமலையில் ஒரு சிற்பக்கூடத்தில் சிலை வார்ப்பு. நாச்சியார்கோவிலில் ஒரு வணிகருக்குக் குத்துவிளக்குகளின் விலைப்பட்டியலுக்கான படங்கள். திருபுவனத்தில் பட்டுச் சேலைகள். ஒரு பள்ளியின் ஆண்டு விழா. ஒரு சிற்றூர்க் கோயிலில் குடமுழுக்கு. அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர், பருவம் தவறிய மழையில் சாய்ந்து முளைவிட்ட காட்சி. எல்லைத் தகராறில் சிக்கிய ஒரு மனைக்கட்டு. ஒரு பெரியவரின் இறுதிச் சடங்கு. ஓர் ஊரின் வாழ்க்கை முழுவதும் பிறப்பு முதல் இறப்பு வரை, உழைப்பு முதல் வழக்கு வரை, அந்தக் குறிப்பேட்டில் அடங்கிக் கிடந்தது. மாவட்ட விவரத் தொகுப்பு எழுதும் அலுவலருக்குக்கூட இத்தனை வாயில்கள் திறந்திருக்குமா என்பது ஐயமே.

பணிகள் பல என்றால் அறிவும் பலவாக வேண்டுமன்றோ? குத்துவிளக்கைப் படம் பிடிப்பது எளிது என்று நீங்கள் எண்ணலாம். மெருகேற்றிய பித்தளை ஒரு கண்ணாடி. எதிரே நிற்பவர், சன்னல், மேல்விட்டம், காமிரா ஆகிய அனைத்தும் அதன் வளைவுகளில் தெரியும். ஆதலால் அவர் விளக்கைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒரு சிறு கூடாரம் அமைக்கிறார். துணிக்கு வெளியே விளக்குகளை வைத்து ஒளியை அதன் வழியே வடியவிடுகிறார். இப்பொழுது பித்தளை வெண்துணியை மட்டுமே பிரதிபலிக்கிறது. அன்னத்தின் கழுத்தும் தண்டின் கடைசலும் தெளிவாகத் தெரிகின்றன. ஒளி விழும் கோணமும் மீளும் கோணமும் சமம் என்று நான் கரும்பலகையில் எத்தனையோ முறை கோடு கிழித்துக் காட்டியிருக்கிறேன். அதை ஒருவர் தம் பிழைப்பாகவே கொண்டு வாழ்வதை அன்று கண்டேன்.

சுவாமிமலையில் நடந்ததை இன்னும் விரிவாகக் கூற வேண்டும். அங்கே சிற்பிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவத்தை மெழுகில் செய்கின்றனர். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்தி, மீண்டும் பூசுகின்றனர். அதனைச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகின்றனர். ஆறிய பின் மண்ணை உடைத்துச் சிலையை வெளியே எடுக்கின்றனர். அச்சு உடைந்து போவதால் ஒரு சிலையைப் போல் மற்றொன்று அமைவதில்லை. இத்தனை நாள் உழைப்பில் உலோகம் ஊற்றும் பொழுது மட்டும் மிகச் சிறியது. அதற்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. பட்டறையோ இருட்டு, உருகிய உலோகமோ கண்ணைப் பறிக்கும் ஒளி. உலோகத்துக்கு ஏற்பக் காமிராவை அமைத்தால் சிற்பியின் முகம் இருளில் மறையும். முகத்துக்கு ஏற்ப அமைத்தால் உலோகம் வெறும் வெள்ளைப் பூச்சாகிவிடும். நம் நண்பர் முதல் நாளே சென்று, யார் எங்கே நிற்பார், எந்தப் பக்கம் திரும்புவார் என்று பார்த்து, ஓர் ஓரத்தில் சிறு விளக்கு ஒன்றைப் பொருத்திவிட்டு வந்தார்.

“முடிந்த சிலையை எடுத்தால் போதாதா, தம்பி?” என்று கேட்டேன்.

“சிலையை எடுக்கப் பலர் வருவார்கள், சார். செய்கிற கையை எடுக்க ஆள் வருவதில்லை. இந்தப் பெரியவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடக் கூடாதே” என்றார்.

இந்த விடை பாடநூலில் இடம்பெறத் தக்கது என்று எனக்குத் தோன்றிற்று.

இப்படிப்பட்ட பணி நம் நாட்டுக்குப் புதிதன்று. புகைப்படக் கலையை 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாடு உலகுக்கு அறிவித்தது. அதன் பின் இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் அக்கலை தஞ்சையை அடைந்துவிட்டது. சென்னை மாகாண அரசு, லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரியைப் புகைப்படக்காரராக அமர்த்தியிருந்தது. அவர் 1858இல் தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டு வரிகளைப் பகுதி பகுதியாகப் படம் பிடித்தார். அப்படங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்லில் எழுதிய வரலாற்றைத் தாளில் எழுதிய முயற்சி அது. இன்றும் ஆராய்ச்சியாளர் அவர் எடுத்த படங்களைப் பார்த்து, அன்று எது எவ்வாறு இருந்தது என்று அறிகின்றனர்.

மற்றொரு சான்றும் உண்டு. அது நம் காலத்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில், சிறீபுரந்தான் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்ச் சிவன் கோயிலில் இருந்த சோழர் கால நடராசர் திருவுருவம் களவு போயிற்று. அது 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தை அடைந்தது. அக்கலைக்கூடம் அதற்கு ஏறத்தாழ ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்திருந்தது. இது எங்கள் ஊர்த் திருமேனி என்று எவ்வாறு நிலைநாட்டுவது? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 1950களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களையும் திருமேனிகளையும் படம் பிடித்துச் சேமித்து வந்திருக்கிறது. அந்தச் சேமிப்பில், 1994இல் சிறீபுரந்தானில் எடுத்த படம் இருந்தது. அந்தப் படத்தோடு கலைக்கூடத்துச் சிலை ஒப்பிடப்பெற்றது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அத்திருவுருவத்தை இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார்.

இங்கே நீங்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1994இல் அந்தப் படத்தை எடுத்தவர், கடல் கடந்து ஒரு வழக்கில் அது சான்றாகும் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். அன்றைய பணியை அன்று ஒழுங்காகச் செய்தார்; அவ்வளவே. ஆனால் படம் எடுத்ததோடு நின்றிருந்தால் பயன் விளைந்திருக்குமா? எந்த ஊர், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்ற குறிப்பு அதனோடு சேர்ந்திருந்தது. தேடினால் கிடைக்கும் இடத்தில் அது வைக்கப்பட்டிருந்தது. படம், குறிப்பு, காப்பு என்ற இம்மூன்றும் கூடியபொழுதே அது சான்றாயிற்று.

இம்மூன்றில் முதலாவதை ஊர்ப் படக்காரர் நமக்குச் செய்து தந்துவிடுகிறார். மற்ற இரண்டையும் செய்ய வேண்டியவர்கள் நாம். அங்கேதான் குறை இருக்கிறது.

நண்பரின் வீட்டுப் பரணில் இரும்புப் பெட்டிகள் சில இருக்கின்றன. பல ஆண்டுகள் நடந்து பின்னர் மூடப்பட்ட ஒரு புகைப்பட நிலையத்தின் நெகடிவ்கள் அவை. பழைய நெகடிவ்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம் என்பதால், அவற்றை எடைக்கு வாங்குவோர் உண்டு. அவ்வாறு எடைக்குப் போக இருந்தவற்றை இவர் தம் கைப்பணம் கொடுத்து வாங்கி வந்தார். நான் சிலவற்றை ஒளியில் பிடித்துப் பார்த்தேன். மணமக்கள், மடியில் குழந்தையோடு தாய்மார், முதன்முதலாகச் சட்டை அணிந்து விறைத்து நிற்கும் சிறுவர், பட்டம் பெற்ற இளைஞர், நாதசுரக் கலைஞர் என எத்தனையோ முகங்கள்! முகங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. “இவர்களை யார் என்று கேட்கலாம் என்றால், சொல்லத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள், சார்” என்றார் அவர். பெயர் அழிந்த கல்வெட்டைப் போன்றது பெயர் எழுதாத படம்.

ஆயினும் அதே பரணிலிருந்து ஒரு நன்மையும் விளைந்ததை நான் அறிவேன். நடுவயதுடைய அம்மையார் ஒருவர் அவரிடம் வந்தார். அவருக்கு இரண்டு வயதாகும்பொழுதே தாயார் மறைந்துவிட்டார். வீட்டில் தாயாரின் படம் ஒன்றுகூட இல்லை. திருமணப் படங்கள் ஒரு வெள்ளத்தில் கெட்டுவிட்டன. தாயார் படித்த பள்ளியும், படித்து முடித்த ஆண்டும் மட்டும் அவருக்குத் தெரியும். நண்பர் பெட்டிகளை நான்கு நாள் தேடினார். ஒரு வகுப்புக் குழுப்படம் கிடைத்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவியின் மடியில் ஒரு சிலேட்டுப் பலகை; அதில் பள்ளியின் பெயர், வகுப்பு, ஆண்டு ஆகியவை சுண்ணாம்புக் கட்டியால் எழுதப்பட்டிருந்தன. நெகடிவோடு ஒரு தாளும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நிற்பவர், அமர்ந்திருப்பவர் என்று இடமிருந்து வலமாகப் பெயர் வரிசை. இரண்டாம் வரிசையில் ஐந்தாவது பெயர் அவருடைய தாயாருடையது. ஐம்பது வயதுக்கு மேல் அந்த அம்மையார் தம் அன்னையின் முகத்தை முதன்முறையாகக் கண்டார். பதினாறு வயதுப் பெண்ணின் முகமாகக் கண்டார். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை என்று நண்பர் கூறினார். அன்று அந்தப் பெயர் வரிசையைப் பொறுமையோடு எழுதிய ஆசிரியர் யாரோ, நாம் அறியோம். அவர் செலவிட்ட கால் மணி நேரம், ஒரு மகளுக்கு ஒரு தாயைத் தந்தது.

இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் காமிரா உள்ள தொலைபேசி இருக்கிறதே, படத்துக்கு என்ன பஞ்சம் என்று நீங்கள் வினவலாம். எங்கள் இளமையில் ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்களே எடுக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் காசு என்பதால் எண்ணி எண்ணி எடுத்தார்கள். எடுத்ததை அச்சிட்டு வைத்தார்கள். இன்று ஒரே திருமணத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம். அவற்றுள் தாளில் ஏறுவன எத்தனை? தொலைபேசி பழுதானால் குடும்பத்தின் பத்தாண்டு ஒரே நொடியில் மறைகிறது. விடியோவின் நிலையும் அதுவே. 1980களிலும் 90களிலும் வி.எச்.எஸ். நாடாக்களில் எடுத்த திருமணங்கள் பல வீடுகளின் அலமாரியில் உறங்குகின்றன. அந்நாடாக்களில் பூஞ்சை படர்கிறது. காந்தப் பதிவும் மங்கிவருகிறது. அவற்றை ஓட்டும் கருவியை உலகில் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமாகிய ஃபுனாய், 2016இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. நாடா இருந்தும் பார்க்க வழியில்லாத நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. மிகுதியாக எடுப்பது வேறு. காத்து வைப்பது வேறு.

இன்னொரு கவலையும் இப்பொழுது சேர்ந்துள்ளது. காமிராவே இல்லாமல், நடவாத ஒன்றை நடந்ததுபோல் இயந்திரமே படமாகப் புனைந்து காட்டும் காலம் இது. இனி ஒரு படத்தைக் கண்டவுடன் ‘இது உண்மையா?’ என்ற வினா எழும். அதற்கு விடையளிக்க வல்லவர் யார்? இன்ன நாளில், இன்ன இடத்தில், நான் நின்று எடுத்தேன் என்று கூறி, எடுத்த மூலப் பதிவைக் காட்டக்கூடிய ஒரு மனிதரே. சாய்ந்த பயிரைப் படம் பிடித்த நண்பர் பின்னணியில் ஊர்க் கோயிலின் கோபுரமும் தெரியும்படி நின்று எடுத்தார். காரணம் கேட்டேன். “வயல் எந்த வயல் என்று யாரும் பின்னால் கேட்கக் கூடாது, சார்” என்றார். அழகுக்காக அன்று, மெய்ம்மைக்காக அவர் அவ்விடத்தைத் தேர்ந்தார்.

அத்தகைய மனிதரின் வாழ்க்கை எளிதன்று. ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை. ஆதலால் வருவாயும் குறைவு. கருவிகளின் தவணையோ மாதந்தோறும் தவறாமல் வருகிறது. 2020 மார்ச்சில் கொள்ளை நோயை முன்னிட்டு ஊரடங்கு வந்தபொழுது, பந்தல் போடுவோர், சமையல்காரர், நாதசுரக் கலைஞர் ஆகியோருடன் இவர்களும் ஒரே நாளில் வேலை இழந்தனர். விழா முடிந்த பின் மீதித் தொகைக்குப் பலமுறை நடக்கவிடுவதும் நம்மிடையே இல்லாத வழக்கமன்று. உழைப்பின் கூலியை அவ்வுழைப்பாளியின் வியர்வை உலர்வதற்குள் கொடுப்பதே பண்பு.

சட்டம் கூறும் ஒரு செய்தியையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். கட்டணம் கொடுத்து ஒருவர் எடுப்பித்த புகைப்படத்தின் முதல் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, எடுப்பித்தவரையே சாரும் என்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் விதி. ஆனால் அதே சட்டம், ‘இது என் படைப்பு’ என்று உரிமை கோரும் தகுதியைப் படைத்தவருக்கே அளிக்கிறது. ஆகவே பள்ளி மலரிலோ கல்லூரி மலரிலோ ஒரு படத்தை வெளியிடும்பொழுது, எடுத்தவர் பெயரையும் அதன் கீழே அச்சிடுங்கள். அதற்குச் செலவு ஒரு வரி. அது தரும் மதிப்போ பெரிது.

சிதறிக் கிடப்பதைத் தேடித் தொகுப்பவரும் நமக்கு வேண்டும். அதற்கு நம்மவரே வழிகாட்டியிருக்கிறார். கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றி உலகின் பல நாடுகளில் பலர் எடுத்து வைத்திருந்த சலனப்படத் துண்டுகளை அவர் நாடு நாடாகச் சென்று சேர்த்தார். 1940இல் அவற்றை ஒரு முழுப் படமாக வெளியிட்டார். அத்துண்டுகளை எடுத்த பலரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் தத்தம் ஊரில் தத்தம் பணியைச் செய்தனர். தொகுத்தவர் ஒருவர் வந்ததால் அவை வரலாறு ஆயின.

நீங்கள் நாடு நாடாகச் செல்ல வேண்டுவதில்லை. உங்கள் வீட்டு அலமாரி வரை சென்றால் போதும். வரும் விடுமுறையில் வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்துக்கொண்டு, தாத்தா, பாட்டி, அத்தை, பெரியப்பா என்று முதியவர் யார் இருக்கிறாரோ அவர் அருகில் அமருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: இதில் இருப்பவர் யார், எந்த இடம், எந்த ஆண்டு, எடுத்தவர் யார். கிடைக்கும் விடையை மென்மையான பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புறம் எழுதுங்கள். பென்சில் பற்றாத வழுவழுப்பான தாளாயின், படத்தை ஒரு காகித உறையிலிட்டு உறையின்மேல் எழுதுங்கள். நெகடிவ்களையும் காகித உறையிலிட்டு ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நாடாக்கள் இருந்தால், ஓட்டும் கருவி இன்னும் கிடைக்கும்பொழுதே, உங்கள் ஊர் விடியோக்காரரிடம் கொடுத்துக் கணிப்பொறிக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதை இரண்டு படிகளாக்கி, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். ஒரு வீட்டில் வெள்ளம் புகுந்தால் மற்றொரு வீட்டில் நினைவு பிழைத்திருக்கும்.

பள்ளியிலும் இதனைச் செய்யலாம். ஆண்டுதோறும் எடுக்கும் குழுப்படத்துக்குப் பெயர் வரிசை எழுதும் பொறுப்பை வகுப்பில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். தலைப்பெழுத்தோடு முழுப்பெயரையும் அவர் எழுதட்டும். அன்று வராதவர் பெயரையும் ஓரத்தில் குறிக்கட்டும்.

முதியவர்களின் நினைவு நமக்காகக் காத்திருப்பதில்லை. இந்த ஆண்டு கேட்டால் கிடைக்கும் பெயர், அடுத்த ஆண்டு கேட்டால் கிடைக்காமற் போகலாம். படக்காரர் தம் பங்கைச் செய்துவிட்டார். எஞ்சியிருப்பது ஒரு பென்சிலும், கேட்பதற்கு ஒரு பேரனோ பேத்தியோ மட்டுமே.